சமுத்திரத்தில் ஒரு ஜனத்தொகைக் கணக்கு

ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வரும் உத்தியோகஸ்தர் வாசலில் நின்று கேட்கும் கேள்விகள் நம் எல்லோருக்கும் தெரிந்தவையே. வீட்டில் எத்தனை பேர்? குடும்பத் தலைவர் யார்? மற்றவர்கள் அவருக்கு என்ன உறவு? வயது என்ன? வீட்டில் பேசும் பாஷை எது? இக்கேள்விகளுக்கு விடை தரக்கூடியவர்கள் மனிதர்கள் மட்டுமே என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால், பசிபிக் மகாசமுத்திரத்தின் வடகிழக்குக் கரையில், கானடா தேசமும் அமெரிக்க ஐக்கிய நாடும் எல்லை தொட்டு நிற்கும் ஜலப் பிரதேசத்தில், வாசலும் கூரையும் இல்லாமல் வாழும் ஒரு கடற்பிராணியினிடம் இக்கேள்விகள் அத்தனையும் கேட்கப்பட்டு, அத்தனைக்கும் விடையும் கிடைத்திருக்கிறது. கேட்டவர்கள் கையில் இருந்தவை ஒரு சிறு படகும் ஒரு காமிராவுந்தான்.

அந்தப் பிராணியின் பெயர் ஓர்க்கா. பார்வைக்கு வெகு அழகானது. முதுகு மைக்கறுப்பு, மோவாயும் வயிறும் தூய வெண்மை, கண்ணுக்கு மேலே சற்றுப் பின்புறமாக முட்டை வடிவில் ஒரு வெள்ளை மறு. ஆண் ஓர்க்கா சுமார் 26 அடி நீளம் வளரும். எடை ஆறு டன்னை எட்டும். அதன் முதுகுத் துடுப்பு மட்டும் ஆறடி உயரம் நிமிர்ந்து நிற்கும். பெண்ணின் துடுப்பு அதில் பாதிதான். நுனி பின்னோக்கி நளினமாக வளைந்திருக்கும். திமிங்கிலம் என்று சொல்லுகிறோமே தவிர, உண்மையில் இது நம் கடற்கரை ஜனங்கள் ஓங்கில் என்று கூறும் டால்பின் வகுப்பைச் சேர்ந்தது. அவ்வகுப்பில் எல்லாவற்றிலும் பெரியது.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'கொலைகாரத் திமிங்கிலம்' என்றாகும். பிறர் நாட்டை ஆளப் புறப்பட்டவர்கள், அங்குள்ள குடிகளுக்கு முதல் வேலையாக ஒரு கெட்ட பெயரைச் சூட்டுவது சரித்திரத்தில் நாம் கண்டதே. கடல்வாழ் குடிகளுக்கும் அதே மரியாதைதான் நடந்தது. அந்தக் கரையின் பூர்வ குடிகளோ ஓர்க்காவைத் தங்கள் குலச்சின்னமாகக் கம்பங்களிலே செதுக்கி வைத்தார்கள். அவர்களில் லம்மி என்னும் வகுப்பார் இன்றும் அதை 'அலைக்கடியில் வாழும் உறவினர்' என்றே சொல்லுகிறார்கள். வந்தேறிய வெள்ளையர்களுக்கு அது உறவாகத் தோன்றவில்லை. தாங்கள் பிடிக்க வேண்டிய ஸால்மன் மீனை அது பிடித்துத் தின்கிறது என்பதே அவர்கள் கண்ட பெருங்குற்றம். 1961-ஆம் வருஷம், வான்கூவர் தீவை ஒட்டிய ஸீமோர் ஜலசந்தியில், ஓர்க்காக்களைச் சுட்டு விரட்டுவதற்காகக் கானடா சர்க்கார் ஓர் இயந்திரத் துப்பாக்கியையே கரையில் நிறுத்தியது. யுத்தத்தில் உபயோகிக்கும் ரகம்! நல்ல வேளையாக அது ஒரு தடவைகூட வெடிக்கவில்லை.

மூன்று வருஷங்களுக்குப் பின் ஒரு விசித்திரம் நடந்தது. வான்கூவர் நகரத்து மீன் காட்சிசாலையார் ஓர்க்காவின் முழு உருவச் சிலை ஒன்று செய்து வைக்க விரும்பினார்கள். மாதிரிக்கு ஒன்றைக் கொன்று கொண்டுவரும்படி ஒரு சிற்பியையே அனுப்பினார்கள்! ஸாட்டர்னா தீவுக்கு அருகில் ஈட்டி பாய்ந்தது, பிராணியோ சாகவில்லை. ஈட்டிக் கயிற்றோடு அதை நகரத்துக்கு இழுத்து வந்து கூண்டுக்குள் விட்டார்கள். அது யாரையும் கடிக்கவில்லை, முட்டவில்லை. மனிதர் கையிலிருந்து மீனை வாங்கித் தின்றது. மூன்று மாதத்துக்குள் இறந்தும் போயிற்று. உயிரோடிருந்த வரையில் அதைப் பெண் என்று கருதி 'மோபி டால்' என்று செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். இறந்த பிறகுதான் அது ஆண் என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் இவர்களுடைய ஞானம் அவ்வளவுதான்.

கொலைகாரன் பரமசாது என்று தெரிந்ததும் அவனுக்கு விடுதலை கிடைத்ததா? இல்லை, விலை கிடைத்தது. 1965-இல் மீன் வலையில் சிக்கிய மற்றோர் ஓர்க்காவை 8,000 டாலர் கொடுத்து வாங்கி ஸியாட்டில் நகரில் காட்சிக்கு வைத்தார்கள். அதன் பின் அது ஒரு வியாபாரமாகவே ஆகிவிட்டது. படகுகளும் ஆகாய விமானமும் கொண்டு கூட்டத்தை வளைத்து, வலை கட்டி, எடை குறைந்த குட்டிகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்துத் தூக்குவார்கள். குட்டிதான் எளிதில் பழகும். பிரயாணச் செலவும் குறைவு. "இப்படிப் பிடித்துக்கொண்டே போனால் தீர்ந்து போகாதா?" என்று கேட்டவர்களுக்கு, "கடலில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன!" என்பதே வியாபாரிகளின் பதிலாக இருந்தது. அதை மறுக்கவும் ஒருவராலும் முடியவில்லை. ஏனென்றால் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

* * *

எண்ணும் பொறுப்பு மைக்கேல் பிக் என்ற இளம் விஞ்ஞானியிடம் வந்து சேர்ந்தது. 1939-இல் லண்டனில் பிறந்து, சிறு வயதிலேயே கானடாவுக்குக் குடியேறியவர். சீல் என்னும் கடல்நாயைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்று, 1970-இல் நனைமோ நகரத்துச் சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தில் கடற்பிராணிப் பகுதிக்குத் தலைவரானார். அவர் முதலில் கையாண்ட முறை மிகச் சாதாரணமானது. சுமார் 15,000 விண்ணப்பத் தாள்களை அச்சிட்டு, கலங்கரை விளக்கக் காவலர்கள், மீன் பிடிப்பவர்கள், பிரயாணக் கப்பல் மாலுமிகள் முதலியோருக்கு விநியோகம் செய்தார். 1971 ஜூலையில் குறிப்பிட்ட ஒரே நாளில், கண்ணில் பட்ட ஓர்க்காக்களை எல்லாம் எண்ணி எழுதி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. தாள்கள் திரும்பி வந்தன. ஒரே கூட்டத்தைப் பல பேர் எண்ணியிருக்கக் கூடுமாதலால், தள்ள வேண்டியதைத் தள்ளி அவர் கண்ட முடிவு: மொத்தம் 350-க்கு மேல் இராது.

ஆயிரக்கணக்கு எங்கே, 350 எங்கே! நம்புவதற்குப் பலர் தயாராக இல்லை. தபாலில் வந்த கணக்கைத் தபாலிலேயே மறுத்துவிடலாம் அல்லவா? நேரில் போய் ஒவ்வொன்றாக அடையாளம் காண்பதைத் தவிர வேறு வழியில்லை என்று பிக் படகில் ஏறினார். அவரும் இயன் மக்காஸ்கி என்ற சகாவும் ஜான்ஸ்டன் ஜலசந்தியில் கண்ட ஒரு பெண் ஓர்க்காவின் துடுப்பு நுனி அறுந்து மொட்டையாக இருந்தது. அதற்கு 'ஸ்டப்ஸ்' என்று பெயரிட்டார்கள். மறுபடி பார்த்தபோது அதே மொட்டைத் துடுப்பு. அதைச் சுற்றி அதே கூட்டம். அப்படியானால் மற்றவற்றையும் இப்படியே இனம் கண்டுகொள்ள முடியாதா? ஸ்டப்ஸுக்கு ஏ-1 என்று எண் கொடுத்துக் கணக்குப் புத்தகத்தைத் தொடங்கினார்கள்.

* * *

ஆராய்ச்சிப் படகு என்றதும் பெரிய கப்பலையும் வெள்ளைக் கோட்டுப் பண்டிதர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று பேர் உட்காரக்கூடிய சிறு இயந்திரப் படகுதான். வாசகர்களும் கற்பனையில் அதில் ஏறிக்கொள்ளட்டும். ஆகஸ்டு மாதத்துக் காலை. ஜலசந்தியின் இரு புறமும் நீர் விளிம்பு வரையில் இறங்கி வந்திருக்கும் தேவதாரு வனம். மூடுபனி இன்னும் கலையவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஓர்க்காவைக் கண் காண்பதற்கு முன் காதுதான் காண்கிறது. தூரத்தில் கொல்லன் துருத்தியை ஒரே மூச்சாக அழுத்திவிட்டது போல ஓர் ஓசை, பிறகு இன்னொன்று, பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல். பனிக்கு மேலே நீராவித் தூண்கள் எழுந்து கரைகின்றன.

படகு மெதுவாக நெருங்குகிறது. கூட்டத்துக்குக் குறுக்கே போவது கூடாது. பின்னாலிருந்து துரத்துவதும் கூடாது. அவை போகிற திசையிலேயே, அவற்றின் வேகத்திலேயே, இடது பக்கமாக ஒட்டிச் செல்ல வேண்டும். இடது பக்கம் ஏன் என்றால், எல்லாப் படங்களும் ஒரே பக்கத்தைக் காட்டினால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். ஓர்க்கா சில தடவை அடுத்தடுத்து மேலே வந்து மூச்சு விட்டுவிட்டுச் சில நிமிஷ நேரம் ஆழத்தில் மறைந்துவிடும். ஒவ்வொரு மூச்சுக்கும் முதுகு வெளியே தெரிவது ஒன்றிரண்டு விநாடிதான். படகோ ஆடுகிறது, ஓர்க்காவும் நகர்கிறது. தூரத்தைக் கிட்டக் காட்டும் நீண்ட கண்ணாடி பொருத்திய காமிராவில் துடுப்பும் அதன் அடிப்பாகமும் தெளிவாக விழ வேண்டும். தவறினால் அடுத்த மூச்சுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு குடும்பத்தில் ஒன்பது பேர் இருந்தால், ஒன்பது பேருடைய படமும் விழும் வரையில் அன்றைய வேலை முடிந்ததாகாது. எட்டுப் படம் எடுத்து ஒன்றை விட்டுவிட்டால், அந்த ஒன்று உயிரோடு இருக்கிறதா, இறந்ததா என்ற கேள்வி நின்றுவிடும்.

படத்தில் பார்ப்பது எதை? முதலாவது, துடுப்பின் ஓரத்தில் உள்ள வெட்டு, கிழிசல். இரண்டாவது, துடுப்பின் வடிவம். மூன்றாவது, துடுப்புக்குப் பின்னால் குதிரைச் சேணம் போட்டாற்போல் முதுகில் படர்ந்திருக்கும் சாம்பல் நிற மறு. இந்தச் சேண மறு இரண்டு ஓர்க்காக்களுக்கு ஒன்று போல் இருப்பதில்லை. ஒன்றில் புகை சுருள்வது போலிருக்கும். ஒன்றில் கொக்கி போல் வளைந்திருக்கும். மற்றொன்றில் பழைய கீறல்கள் குறுக்கே ஓடியிருக்கும். நமக்குக் கைரேகை எப்படியோ அப்படி. பிக்கும், கிரேம் எல்லிஸ் முதலிய அவருடைய சகாக்களும் கறுப்பு வெள்ளை பிலிமில் எடுத்த ஆயிரக்கணக்கான நெகடிவ்களை, மாரிக்காலம் முழுவதும் பெருக்கிக் காட்டும் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். 'எல்லாம் ஒரே அச்சு' என்று தோன்றிய முதுகுகள் மெல்ல மெல்ல முகங்களாக மாறின.

இதில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை. புது வகுப்பில் நாற்பது பிள்ளைகளை முதல் வாரத்தில் பிரித்தறிய முடியாமல் திண்டாடுவது எம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்கு வருஷந்தோறும் உள்ள அனுபவம். மூன்றாவது மாதத்தில், முதுகைக் காட்டி ஓடும் பையனைத் தோளின் அசைவிலேயே கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டு விடுகிறோம். மற்ற விஞ்ஞானிகளில் பலர் தொடக்கத்தில் பிக்கின் ஆல்பத்தைச் சந்தேகித்தார்கள். அவர்கள் அந்த வகுப்பில் மூன்று மாதம் உட்கார்ந்து பார்க்கவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

* * *

எண்ணுவதற்காக எடுத்த ஆல்பம், எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயங்களை வெளியிட்டது. வருஷா வருஷம் படங்களை வரிசையாக வைத்தால், ஒவ்வொரு தாயின் பக்கத்திலும் அதே பிள்ளைகள். குட்டியாக இருந்தது வாலிபமாகிறது. பதினைந்து வயதுக்குச் சுமாரில் ஆணின் துடுப்பு மூங்கில் முளை போல் விறுவிறு என்று உயருகிறது. நிறைந்த ஆணாகி, தாயைவிடப் பெரியதாகியும், அது தாயை விட்டுப் போகவில்லை. பெண்களும் போகவில்லை. பெண்ணுக்குப் பிறந்த பிள்ளைகளும் அந்தப் பாட்டியின் பக்கத்திலேயே நீந்தின. ஆணும் பெண்ணும் இருவருமே ஆயுள் பரியந்தம் தாய்வீட்டிலேயே இருந்துவிடும் பழக்கம் பாலூட்டிகளில் மிக மிக அபூர்வம்.

மலையாளத்து மருமக்கத்தாயக் குடும்பங்களைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தறவாட்டுக்கு மூத்த பெண்ணே வேர், சகோதரர்கள் அங்கேயே இருப்பார்கள், சம்பந்தம் வெளியே. ஓர்க்கா வீட்டிலும் அப்படித்தான். வெவ்வேறு குடும்பங்கள் சந்திக்கும்போது ஆண்கள் வேற்று வீட்டுப் பெண்களோடு கூடிவிட்டு, பிறகு தாயின் பக்கம் திரும்பிவிடுகின்றன. குட்டி தந்தையை அறியாது. ஆகவே 'குடும்பத் தலைவர் யார்?' என்ற கேள்விக்குக் கடலில் கிடைத்த விடை: பாட்டி.

பெண் ஓர்க்கா நாற்பது வயதுக்குச் சுமாரில் பிள்ளை பெறுவதை நிறுத்திவிட்டு, அதன் பிறகும் பல பத்து வருஷங்கள் வாழ்கிறது. அவ்வளவு காலம் எதற்காக? 2012-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, முப்பது வயது கடந்த ஆண் ஓர்க்கா, தாய் இறந்த அடுத்த வருஷத்துக்குள் தானும் இறந்துவிடும் அபாயம் ஏறத்தாழ 14 மடங்கு பெருகுகிறது என்று காட்டியது. 2015-இல் வெளியான மற்றொன்று, கூட்டத்துக்கு முன்னால் வழிகாட்டி நீந்துபவை பெரும்பாலும் இந்த மூத்த பெண்களே என்றும், ஸால்மன் குறைந்த வருஷங்களில் இது இன்னும் அதிகம் என்றும் கண்டது. பஞ்ச காலத்தில் எந்தக் கிணற்றில் நீர் ஊறும் என்பது பாட்டிக்குத்தானே தெரியும்! ஜே-2 என்ற எண்ணுள்ள ஒரு கிழவி நெடுங்காலம் தன் குடும்பத்தை நடத்தினாள். படகில் போனவர்கள் அவளைப் 'பாட்டி' என்றே அழைத்தார்கள். 2016 இறுதியில் அவள் மறைந்தபோது வயது 105 என்று பத்திரிகைகள் எழுதின. பிந்திய ஆராய்ச்சி அவ்வளவு இராது, 65-க்கும் 80-க்கும் இடையே இருக்கலாம் என்கிறது. பாட்டிமார் வயதில் தகராறு எந்த ஊரிலும் உண்டு போலும்.

பாஷையைப் பற்றிய கேள்விக்கும் விடை வந்தது. ஜான் போர்டு என்ற விஞ்ஞானி நீருக்குள் மைக்ரோபோனை இறக்கி, குடும்பம் குடும்பமாக அவற்றின் குரலைப் பதிவு செய்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனக்கென்று ஒரு டஜன் அளவில் கூப்பாட்டு வகைகள் உண்டு. சில கூட்டங்களுக்குள் சில கூப்பாடுகள் பொது. சிலவற்றுக்கிடையே ஒன்றுகூடப் பொதுவில்லை. குட்டி அதைத் தாயிடமிருந்து கற்கிறது. நம்மவர் பேச்சைக் கேட்டே மதுரையா, திருநெல்வேலியா என்று சொல்லிவிடுவது போல், ஓர்க்கா பேசுவதைக் கேட்டே அது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். வடக்குக் கூட்டங்களில் தந்தையர் யார் என்று பிற்காலத்தில் ரத்த சம்பந்தமான பரிசோதனை செய்து பார்த்தபோது, சம்பந்தம் பெரும்பாலும் வேறு பேச்சு வழங்கும் கூட்டங்களோடேயே நடப்பது தெரியவந்தது. ஸகோத்திர விவாகம் கூடாது என்ற விதியை அவற்றுக்கு யார் போதித்தார்களோ!

ஆல்பத்தில் மற்றொரு பிரிவும் வெளிப்பட்டது. கரையோரத்தில் ஸால்மனைத் தின்று, ஓயாமல் பேசிக்கொண்டு, பெருங்குடும்பமாக வாழ்கிற 'உள்ளூர்க் குடிகள்' ஒரு வகை. அவற்றில் வடக்குச் சமூகம், தெற்குச் சமூகம் என இரண்டு. நாலைந்து பேராக மௌனமாக வந்து, கடல்நாயையும் சிறு ஓங்கில்களையும் வேட்டையாடிவிட்டுப் போகும் 'பரதேசிகள்' மற்றொரு வகை. பேசினால் இரைக்குக் கேட்டுவிடும்; அதனால் மௌனம். இரு வகையும் ஒரே ஜலத்தில் நீந்தினாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பரதேசிகளுக்கு இன்று 'பிக் ஓர்க்கா' என்றே பெயர். அந்த மனிதரின் ஞாபகார்த்தம் அது.

* * *

இனி அந்த வியாபாரத்துக்கு வருவோம். 1970 ஆகஸ்டில் வாஷிங்டன் மாகாணத்துப் பென் கோவ் என்ற குடாவில் ஒரு பெரிய வளைப்பு நடந்தது. ஏழு குட்டிகள் விற்பனைக்குப் போயின. ஐந்து ஓர்க்காக்கள் வலையில் சிக்கி மூழ்கி இறந்தன. அவற்றில் நான்கு குட்டிகள். செய்தி வெளியே தெரியாதிருக்க, சடலங்களின் வயிற்றைக் கீறிக் கல்லை நிரப்பிக் கடலில் ஆழ்த்தினார்கள். சில மாதங்களில் அவை கரையில் வந்து ஒதுங்கின. வெளியில் விடப்பட்ட பெரியவை உடனே ஓடிவிடவில்லை. வலைக்கு அப்பால் நின்று கதறிக்கொண்டிருந்தன என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அவை ஏன் ஓடவில்லை என்பதற்கு ஆல்பம் விடை சொல்லிற்று. உள்ளே இருந்தவை அவற்றின் பிள்ளைகள். மேலும் அது ஒரு கணக்கையும் சொல்லிற்று. தெற்குச் சமூகத்தில் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 70 பேரே. அமெரிக்கப் பக்கத்தில் 1976 முதல் கென் பால்கம் என்பவர் தனியாகப் படம் எடுத்துப் பார்த்து அதையே உறுதி செய்தார். அதே வருஷம் மார்ச்சு மாதம் பட் இன்லெட் என்ற இடத்தில், விமானமும் வெடியும் கொண்டு ஒரு கூட்டத்தை வளைத்ததை, அவ்வழியே பாய்மரப் படகில் சென்ற மாகாண அதிகாரி ஒருவர் கண்ணால் கண்டுவிட்டார். மாகாண சர்க்கார் கோர்ட்டுக்குப் போயிற்று. அத்துடன் அந்த ஜலத்தில் ஓர்க்கா பிடிக்கும் தொழில் முடிவடைந்தது. அதற்குள் தெற்குச் சமூகத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 50 உயிர்கள் பிடிபட்டோ மடிந்தோ போயிருந்தன. எடுத்துச் சென்றவை பெரும்பாலும் குட்டிகளாதலால், அடுத்த பத்து வருஷங்களில் பிள்ளை பெற வேண்டிய வயதினரே அந்த வீடுகளில் இல்லாமற் போனார்கள்.

பென் கோவில் பிடிபட்டவற்றுள் டோகிட்டே என்ற பெண் மயாமி நகரத்தில் ஒரு தொட்டிக்குள் ஐம்பது வருஷங்களுக்கு மேல் வேடிக்கை காட்டினாள். அவளைப் பிறந்த கடலுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று லம்மி ஜனங்கள் வற்புறுத்தி வந்தார்கள். 2023 மார்ச்சில் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். ஆகஸ்டு 18-ஆம் தேதி அவள் இறந்துவிட்டாள்.

ஆனால் வீடு திரும்பிய ஒருத்தியும் இருக்கிறாள். 2002 ஜனவரியில் ஸியாட்டில் நகருக்கு அருகே, கப்பல்கள் போகும் வழியில், ஒரு குட்டி ஓர்க்கா தன்னந்தனியாகத் திரிந்தது. வயது இரண்டுக்குச் சுமார். தோலில் சொறி, உடம்பு மெலிவு. மரக்கட்டைகளோடும் படகுகளோடும் உராய்ந்து விளையாடியது, வேறு துணையில்லை. இது யார்? நீருக்குள் மைக்ரோபோனை இறக்கினார்கள். அது பேசியது தெற்குப் பேச்சல்ல. நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் வடக்கே வழங்கும் பேச்சு! கண்ணருகே உள்ள மறுவைப் பழைய படங்களோடு ஒப்பிட்டார்கள். ஏ-73 என்று கண்டது. செல்லப் பெயர் ஸ்பிரிங்கர். தாய் காணாமற் போய்விட்டபடியால் அநாதை. ஆனால் பாட்டி வழி உறவினர் இருக்கிறார்கள். கோடையில் அவர்கள் எந்த ஜலசந்திக்கு வருவார்கள் என்பதும் புத்தகத்தில் இருக்கிறது.

ஜூன் மாதம் அவளை மெதுவாகப் பிடித்து, மருந்தும் மீனும் கொடுத்துத் தேற்றி, ஜூலை 13-ஆம் தேதி அதிவேகப் படகு ஒன்றில் வடக்கே கொண்டு போனார்கள். அங்கே நம்கிஸ் என்னும் பூர்வகுடியினர் உயிருள்ள ஸால்மன்களைப் பிடித்து அவளுடைய வலைக் கூண்டுக்குள் விட்டு விருந்து வைத்தார்கள். வழியனுப்பி வைப்பதே கௌரவம் என்று எண்ணும் நாகரிகம் அது. மறுநாள் அவளுடைய உறவினர் அந்தப் பக்கமாக வந்தார்கள். அவர்களுடைய குரல் கேட்டதும் குட்டி கூண்டின் விளிம்புக்குப் பாய்ந்தது. வலையைத் திறந்தார்கள். உடனே எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. சில நாள் தயங்கித் தயங்கி நின்றது. பழைய ஞாபகத்தில் படகுகளை நாடியது. கூட்டத்தில் ஓர் இளம் பெண் குறுக்கே நின்று அதைப் படகிலிருந்து விலக்கி விலக்கி அழைத்துச் சென்றாள். பிறகு அது குடும்பத்தோடு கலந்துவிட்டது. 2013-இல் ஸ்பிரிங்கர் தன் முதல் குட்டியோடு படத்தில் விழுந்தாள், 2017-இல் இரண்டாவது.

* * *

வடக்குச் சமூகம், 1970-களில் 120 பேராக இருந்தது, இப்போது 300-க்கு மேல் பெருகியிருக்கிறது. தெற்குச் சமூகத்தின் கதை வேறு. 1995-இல் 98 வரையில் ஏறியது. பிறகு இறங்கு முகந்தான். வலை போட்டுப் பிடிப்பார் இல்லை, பசி பிடித்திருக்கிறது. இவற்றுக்கு விருப்பமான உணவு சினூக் என்னும் பெரிய ஜாதி ஸால்மன். அது முட்டையிட ஏறும் நதிகளுக்குக் குறுக்கே அணைகள் எழுந்தன, கரைகள் நகரமாயின, சினூக் குறைந்தது. கப்பல் இரைச்சலில், இருக்கிற மீனையும் ஒலியால் தேடிப் பிடிப்பது சிரமமாகிறது. ரசாயன விஷங்கள் கொழுப்பில் தங்கித் தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கு இறங்குகின்றன. கூட்டம் சிறுத்ததால் இரத்தக் கலப்பும் நெருங்கிவிட்டது. 1990-க்குப் பின் பிறந்தவற்றுள் பரிசோதித்தவற்றில் பாதிக்கு மேல் இரண்டே ஆண்களின் பிள்ளைகள் என்று 2018-இல் வெளியிட்டார்கள்.

இவையெல்லாம் படகிலிருந்தே அறிந்தவை. ஓர்க்காவைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. வாஷிங்டன் சர்வகலாசாலையார் டக்கர் என்ற கறுப்பு நாயைப் படகின் முன்புறத்தில் நிறுத்திப் போனார்கள். அது ஓர்க்காவின் மலம் மிதக்கும் திசையைக் காற்றில் மோப்பம் பிடித்துக் காட்டும். நீரைக் கண்டால் அதற்கு ஆகாதாம்! அப்படிச் சேகரித்ததைச் சோதித்தபோது, 2008 முதல் 2014 வரையில் தெற்குச் சமூகத்தில் ஏற்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்கு 69 நிலைக்கவில்லை என்று தெரிந்தது. 2014 முதல் ஆளில்லாத சிறு விமானத்தைச் சுமார் நூறடி உயரத்தில் பறக்கவிட்டு மேலிருந்தும் படம் எடுக்கிறார்கள். யார் கர்ப்பிணி, யார் மெலிந்திருக்கிறாள் என்பது அதில் தெரிந்துவிடும். பட்டினி முற்றினால் தலைக்குப் பின்னால் உள்ள கொழுப்புக் கரைந்து அங்கே ஒரு பள்ளம் விழுகிறது.

2018 ஜூலை 24-ஆம் தேதி ஜே-35 என்ற தாய் பெற்ற குட்டி அரை மணி நேரத்தில் இறந்தது. அவள் அதை நீரில் அமிழ விடவில்லை; தலையால் ஏந்தி ஏந்தி, 17 நாட்கள், சுமார் ஆயிரம் மைல் தூரம் சுமந்தாள். ஆராய்ச்சிப் படகுகள் தூரத்தில் நின்று பார்த்துத் தேதி தேதியாகக் குறித்துக்கொண்டன. 2020 செப்டம்பரில் அவளுக்கு நல்லபடியாக ஒரு குட்டி பிறந்தது. 2024 டிசம்பரில் மற்றொன்று. அது வருஷம் முடியுமுன் இறந்தது. மறுபடியும் அவள் சடலத்தைச் சுமந்து திரிவதைப் புது வருஷத்தின் முதல் வாரங்களில் கண்டார்கள்.

மைக்கேல் பிக் இவற்றையெல்லாம் பார்க்கவில்லை. எழுபதுகளின் நடுவில் இலாகா இந்த வேலைக்கு இனிப் பணமில்லை என்றபோதும், தம் சொந்த ஓய்வு நேரத்தில் ஆல்பத்தை விடாமல் நடத்திவந்த அவர், 1990 அக்டோபரில், 51-ஆவது வயதில் இரத்தப் புற்றுநோயால் காலமானார். அவருடைய அஸ்தியை ஜான்ஸ்டன் ஜலசந்தியில் கரைத்தார்கள். ஓர்க்காக்கள் கூழாங்கல் கரையில் வயிற்றைத் தேய்த்து விளையாடும் ராப்ஸன் குடா அவர் பெயரால் காப்பு நிலமாக இருக்கிறது. ஆல்பத்தை மற்றவர்கள் நடத்துகிறார்கள்.

தெற்குச் சமூகத்தின் கணக்கு ஒவ்வொரு வருஷமும் ஜூலை முதல் தேதியில் முடிக்கப்படுகிறது. குடும்பத்தை விட்டு யாரும் போவதில்லை என்பது தெரிந்த விஷயமாதலால், தாயின் பக்கத்தில் திரும்பத் திரும்பத் தேடியும் ஒருவர் படத்தில் விழாவிட்டால், அந்த எண்ணுக்கு நேரே இறந்ததாகக் குறித்துவிடுகிறார்கள். சடலம் கிடைப்பது அபூர்வம். ஜே-35 தன் குட்டியை இழந்த அதே நாட்களில், அதே கூட்டத்தில் ஒரு புதுக் குட்டியின் சிறு துடுப்பு தென்பட்டது. இது யாருடைய பிள்ளை என்று உடனே எழுதவில்லை. யார் பக்கத்தில் நீந்துகிறது என்று பல முறை பார்த்துவிட்டு, ஜே-41 தாய் என்று எழுதி, ஜே-62 என்று எண் கொடுத்தார்கள். 2025 ஜூலை முதல் தேதிக் கணக்கில் ஜே கூட்டத்தில் 27, கே கூட்டத்தில் 14, எல் கூட்டத்தில் 33. ஆக மொத்தம் 74.